போர்டு வாங்கும் முன் டிரைவரைப் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் அறிவியல் இணைப்பில் ஒற்றைப் பலகைக் கணினிகளை ஒப்பிட்டு வந்த கட்டுரையைப் படித்தேன். எந்தப் போர்டில் எத்தனை கோர், எவ்வளவு ரேம், எத்தனை திரை இணைக்கலாம் என்று அட்டவணை போட்டு, புதிதாக வருபவருக்கும் புரியும்படி எழுதியிருந்தார்கள். ஆனால் யூஎஸ்பி என்ற கட்டத்தில் போர்ட்டுகளின் எண்ணிக்கையோடு விட்டுவிட்டார்கள். கீழே ஒரு குறிப்பு, எதைச் செருகினாலும் வேலை செய்யும் என்று. என் அனுபவம் வேறு மாதிரி இருப்பதால் இந்தக் கடிதம். கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் படித்து வந்த மென்பொருள்காரி அல்ல. தராசு, வெப்பமானி, ஈரப்பதமானி போன்ற அளவைக் கருவிகளைப் பழுதுபார்த்து, அளவு சரிபார்த்துக் கொடுப்பது என் தொழில். முன்பெல்லாம் இந்தக் கருவிகளின் பின்பக்கம் ஒன்பது முள் சீரியல் போர்ட் இருக்கும். கேபிளை மாட்டி வேகத்தைச் சரியாக வைத்தால் எண்கள் வரிசையாக வந்து விழும். இப்போது எல்லாம் யூஎஸ்பி. கருவியை ஒரு சின்ன போர்டோடு சேர்த்து இரவு பகலாக அளவைப் பதிவுசெய்ய வேண்டும் என்று கேட்கிறவர்கள் கூடிவிட்டார்கள். போர்டு மின்சாரம் அதிகம் தின்னாது, சத்தம் போடாது, மூலையில் கிடக்கும். கேட்பது நியாயம்தான். கணினியைக் கருவியோடு பேசவைக்கும் நிரலுக்குப் பெயர் டிரைவர், கருவியோடு வரும் சிடியில் இருப்பதோ விண்டோஸ் டிரைவர் மட்டும். அப்படித்தான் நான் டிரைவர் எழுதும் வேலைக்குள் வந்து சேர்ந்தேன். எழுதியதை எல்லாம், யாரும் படித்து மாற்றிக்கொள்ளும்படி, ஓப்பன் சோர்ஸாகவே வெளியிட்டு வருகிறேன்.

நான் சொல்ல வந்தது இதுதான். போர்டு வாங்குகிறவர் கோர் எண்ணிக்கையைப் பார்ப்பதற்கு முன்னால், அதன் யூஎஸ்பி கன்ட்ரோலருக்கான டிரைவர் மெயின்லைன் லினக்ஸ் கெர்னலில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். கெர்னல் என்பது லினக்ஸ் இயங்குதளத்தின் மையப் பகுதி, மெயின்லைன் என்பது அதன் பொதுவான அதிகாரப்பூர்வப் பதிப்பு. கருவி வாங்குகிறவரும் அதே கேள்வியைக் கேட்க வேண்டும். இரண்டு இடத்திலும் டிரைவர் தேவை என்பதே பலருக்குத் தெரிவதில்லை. போர்டுக்குள் யூஎஸ்பி போர்ட்டுகளை நடத்தும் கன்ட்ரோலரை இயக்குவது ஒரு டிரைவர். அதன் வழியாக வரும் செய்தியைப் புரிந்துகொண்டு, இது கீபோர்டு, இது தராசு என்று நடத்துவது இன்னொரு டிரைவர். முதலாவது சரியில்லை என்றால் இரண்டாவதை எவ்வளவு ஒழுங்காக எழுதியும் பயனில்லை.

முதலாவதற்கு நல்ல உதாரணம் ராஸ்பெர்ரி பை என்ற போர்டுதான். 2012 பிப்ரவரி 29 அன்று வந்த முதல் போர்டில் இருந்தது பிராட்காமின் சிப். அதற்குள் இருந்த யூஎஸ்பி பகுதி சினாப்சிஸ் நிறுவனத்தின் வடிவமைப்பு. மேசைக் கணினிகளில் இஎச்சிஐ, எக்ஸ்எச்சிஐ என்று பொதுத் தரங்கள் உண்டு. எந்த ரெஜிஸ்டர் (சிப்புக்கு ஆணை எழுதும் இடம்) எங்கே இருக்கும், எந்த பிட் என்ன செய்யும் என்பதெல்லாம் வெளிப்படையாக அச்சிட்ட விவரம், அதனால் ஒரே டிரைவர் பல நிறுவனங்களின் சிப்புக்கும் ஓடும். இந்த சினாப்சிஸ் பகுதி அந்தத் தரங்களைப் பின்பற்றவில்லை. சரி, விவரத்தாளையாவது பார்க்கலாம் என்றால், பிராட்காம் வெளியிட்ட இருநூறு பக்கத்துக்கு மேற்பட்ட ஆவணத்தில் யூஎஸ்பி அத்தியாயம் சில பக்கங்களில் முடிந்துவிடும். இது சினாப்சிஸின் வடிவமைப்பு, விவரங்களை அவர்களுடைய கையேட்டில் பார்க்கவும் என்று கைகாட்டிவிட்டு நகர்ந்துவிடும்.

இதனால் வந்த சிக்கலைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். யூஎஸ்பி 2.0 வேகத்தில் நேரத்தை 125 மைக்ரோவினாடித் துண்டுகளாக வெட்டி வைத்திருப்பார்கள், வினாடிக்கு 8000 துண்டு. கீபோர்டு, மவுஸ் எல்லாம் மெதுவான சாதனங்கள். அவற்றை, ஒரு போர்ட்டைப் பலவாகப் பிரிக்கும் வேகமான ஹப் ஒன்றின் வழியாகப் பேசவைக்கும்போது, ஹப்பிடம் ஒரு துண்டில் "கேட்டுச் சொல்" என்று சொல்லிவிட்டு, சில துண்டு கழித்து, சரியான நேரத்தில், "என்ன சொன்னது?" என்று போய்க் கேட்க வேண்டும். தாமதமானால் பதில் போய்விடும். இஎச்சிஐ கன்ட்ரோலரில் இந்தக் கால அட்டவணையை நினைவகத்தில் எழுதி வைத்தால் போதும், சிப்பே பார்த்துக்கொள்ளும். முதல் ராஸ்பெர்ரி பையின் கன்ட்ரோலரிலோ இந்தச் சுமை டிரைவர் தலையில். வினாடிக்கு 8000 முறை பிராசசரைத் தட்டி எழுப்பும். 700 மெகாஹெர்ட்ஸில் ஓடிய ஒற்றைக் கோர் அது. எழுப்பும்போதெல்லாம் வேறு வேலை நடந்துகொண்டிருக்கும். கொஞ்சம் பிந்தினால் போச்சு. ஒருமுறை அழுத்திய எழுத்து திரையில் வரிசையாக வந்துகொண்டே இருக்கும், இல்லாவிட்டால் வராமலே போகும். அந்த நாளில் பலர் கீபோர்டைக் குறை சொல்லி வேறு கீபோர்டு வாங்கினார்கள்.

இதைச் சரிசெய்தவர்கள் கையாண்ட வழி எனக்கு இன்றும் பிடிக்கும். ஏஆர்எம் பிராசசர்களில் சாதாரண இன்டரப்டுக்கு (நடக்கும் வேலையை நிறுத்திப் பிராசசரைக் கூப்பிடும் அழைப்புக்கு) மேலே, அதைவிட முந்திக்கொள்ளும் எஃப்ஐக்யூ என்ற இரண்டாவது இன்டரப்ட் உண்டு. லினக்ஸில் பொதுவாக அதை யாரும் தொடுவதில்லை. கால அட்டவணைக் கணக்கை மட்டும் பிரித்தெடுத்து அந்த எஃப்ஐக்யூவுக்குள் கொண்டுபோய் வைத்தார்கள். மற்ற வேலை எது நடந்தாலும் கீபோர்டைக் கேட்கும் நேரம் தவறாது. நிரல் எல்லோர் கையிலும் இருந்ததால்தான் இப்படி உள்ளே கைவிட்டு மாற்ற முடிந்தது. சினாப்சிஸும் சும்மா இருக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். 2013ல் அவர்களே இந்தக் கன்ட்ரோலருக்கு ஒரு டிரைவரை லினக்ஸ் கெர்னலுக்குக் கொடுத்தார்கள். முதலில் பழகுவதற்கான ஸ்டேஜிங் பகுதியில் இருந்து, அடுத்த ஆண்டு முறையான இடத்துக்கு வந்தது. அதன் பிறகு அதே வடிவமைப்பு இருக்கும் வேறு பல சிப்களுக்கும் அந்த ஒரே டிரைவர் உதவுகிறது. 2019ல் வந்த ராஸ்பெர்ரி பை 4ல், எக்ஸ்எச்சிஐ தரத்தைப் பின்பற்றும் தனிச் சிப்பையே யூஎஸ்பிக்கு வைத்துவிட்டார்கள். பழைய கன்ட்ரோலர் மின்சாரம் வரும் டைப்-சி துளையோடு ஒதுங்கிக்கொண்டது.

இடையில் ஒன்று. 2012லேயே கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக மாணவர் ஒருவர், லினக்ஸ் எதுவும் இல்லாமல் வெறும் போர்டில் கீபோர்டை ஓட்டுவதற்கென்று, இந்தக் கன்ட்ரோலருக்கு சின்னதாக ஒரு டிரைவரைத் தனியாக எழுதி வெளியிட்டார். நான் யூஎஸ்பியைப் புரிந்துகொண்டது தடித்த புத்தகங்களில் அல்ல, அந்த மாதிரி நிரல்களை வரி வரியாகப் படித்துத்தான்.

எல்லாப் போர்டுக்கும் இந்த மாதிரி கூட்டம் சேருவதில்லை. பல தயாரிப்பாளர்கள் செய்வது இதுதான்: ஏதோ ஒரு ஆண்டின் கெர்னலை எடுத்து, அதில் தங்கள் சிப்புக்கு வேண்டியதை அவசர அவசரமாக ஒட்டி, போர்டோடு கொடுத்துவிட்டு அடுத்த மாடலுக்குப் போய்விடுவார்கள். ஆல்வின்னர் சிப் வைத்த போர்டுகள் பல காலம் 3.4 கெர்னலோடு வந்தன. அந்தக் கெர்னல் வெளியானது 2012ல். அதற்கான நீண்டகாலப் பராமரிப்பும் 2016ல் நின்றுவிட்டது. அந்தப் போர்டுகள் பிழைத்ததற்குக் காரணம், தன்னார்வலர்கள் உட்கார்ந்து ஒவ்வொரு பகுதிக்கும் டிரைவரைத் திருத்தமாக மறுபடி எழுதி மெயின்லைனில் சேர்த்ததுதான்.

மெயின்லைன், மெயின்லைன் என்று நான் திரும்பத் திரும்பச் சொல்வதற்குக் காரணம் உண்டு. லினக்ஸ் கெர்னலின் உள் அமைப்பு மாறிக்கொண்டே இருக்கும். உள்ளுக்குள் ஒரு ஃபங்ஷன் இன்று இருக்கும், அடுத்த ஆண்டு வேறு வடிவில் இருக்கும். இப்படி மாற்றிக்கொள்ளும் உரிமையை விடமாட்டோம் என்று கெர்னல்காரர்கள் வெளிப்படையாகவே எழுதி வைத்திருக்கிறார்கள். ஆனால் யார் அந்த மாற்றத்தைச் செய்கிறாரோ, கெர்னலுக்குள் அதைப் பயன்படுத்தும் எல்லா டிரைவரையும் அவரே திருத்த வேண்டும் என்பது நடைமுறை. உங்கள் டிரைவர் உள்ளே இருந்தால், முகம் தெரியாத யாரோ அதையும் சேர்த்துத் திருத்திவிட்டுப் போவார். வெளியே இருந்தால் அடுத்த கெர்னலில் கம்பைல் ஆகாது, அதாவது மூல நிரலை ஓடும் நிரலாக மாற்ற முடியாது. போர்டில் ஒரு குறையும் இருக்காது, ஆனாலும் பழைய கெர்னலோடு கட்டிப்போட்ட மாதிரி கிடக்கும். என் மேசைக்கு அப்படி வந்த போர்டுகளை வேறு எதற்கும் பயன்படுத்த முடியாமல் சும்மா வைத்திருக்கிறேன்.

இனி கருவிப் பக்கம். ஒரு தராசு வந்தது, பெட்டியின் மேல் "லினக்ஸ் ஆதரவு உண்டு" என்று அச்சிட்டிருந்தது. திறந்து பார்த்தால் இன்டெல் 64 பிட் பிராசசருக்குக் கம்பைல் செய்த ஒரு லைப்ரரி கோப்பு மட்டும். சின்ன போர்டுகளில் இருப்பதோ ஏஆர்எம். நிரலை ஏற்றப்போனால், கோப்பின் வகையே பொருந்தவில்லை என்று மறுத்துவிட்டது. மூல நிரல் இருந்திருந்தால் போர்டிலேயே ஒருமுறை கம்பைல் செய்து முடித்திருக்கலாம். தயாரிப்பாளருக்கு எழுதிக் கேட்டேன். ரகசிய ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டால் நெறிமுறை விவரம் தருவதாகப் பதில் வந்தது. கையெழுத்துப் போட்டால் நான் எழுதுவதை வெளியிட முடியாது. அந்த ஒப்பந்தம் வேண்டாம் என்று விட்டுவிட்டேன். ஒரு எடையைச் சொல்வதில் என்ன ரகசியம் என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.

வேறு வழி உண்டு. தயாரிப்பாளரின் நிரலையே மேசைக் கணினியில் ஓடவிட்டு, கேபிளில் போகும் பேச்சை ஒட்டுக்கேட்பது. லினக்ஸில் யூஎஸ்பிமான் என்ற வசதி அதைப் பிடித்துக் கொடுக்கும், வயர்ஷார்க் அதைப் பிரித்துக் காட்டும். எந்தச் சாதனத்தைச் செருகினாலும் அறிமுகத்தின்போது கணினி எட்டு பைட் கொண்ட ஒரு கேள்வியை அனுப்பும்: 80 06 00 01 00 00 12 00. முதல் எண் 80, பதில் சாதனத்திலிருந்து வர வேண்டும் என்பது. 06, உன்னைப் பற்றிச் சொல் என்ற கேள்வி. அடுத்த ஜோடி, எந்த விவரம் என்பது. கடைசி ஜோடியில் இருக்கும் 12 பதினாறடிமான எண், நம் கணக்கில் 18. அதாவது, உன்னைப் பற்றி 18 பைட் சொல். சாதனம் அதற்குச் சொல்லும் பதிலில் அதன் தயாரிப்பாளர் எண், பொருள் எண், எந்த வகை என்பதெல்லாம் இருக்கும். கீபோர்டு, பென் டிரைவ், வெப்கேம் போன்றவற்றுக்குப் பொது வகைகள் வகுத்திருக்கிறார்கள், அந்த வகைக்கு ஒரு டிரைவர் போதும். நம் தராசோ வகை 255 என்று சொன்னது. தயாரிப்பாளரின் சொந்த வகை என்று அர்த்தம். பொது டிரைவர் எதுவும் அதைத் தொடாது.

இங்கே என் தொழில் கைகொடுத்தது. சரிபார்த்த எடைக்கற்கள் என்னிடம் எப்போதும் இருக்கும். தட்டில் 50 கிராம் வைத்தால் பாக்கெட்டின் நடுவில் 32 00 என்று வந்தது. 100 கிராமுக்கு 64 00. பதினாறடிமானத்தில் 32 என்பது 50, 64 என்பது 100. 400 கிராம் வைத்தபோது 90 01. அதாவது 144, அதோடு ஒரு 256. கூட்டினால் 400. ஆக, சிறிய பைட் முன்னால், பெரிய பைட் பின்னால், அலகு கிராம். தட்டில் ஒரு கல்லை வைத்துப் பூஜ்யமாக்கிவிட்டு எடுத்துவிட்டால் என்ன ஆகும்? எண் குறையாக இறங்குகிறதா என்று பார்க்க ஒரு கிராம் கல்லை வைத்து அப்படிச் செய்தேன். இரண்டு பைட்டும் 255 ஆயின. கழித்தல் எண்ணைக் கணினிகள் வழக்கமாக எழுதும் முறை அதுதான். பாக்கெட்டில் இன்னொரு பைட்டின் கடைசி பிட் மட்டும் காரணமில்லாமல் மாறிக்கொண்டிருந்தது. தட்டை விரலால் லேசாக அழுத்திவிட்டு எடுத்தால் அது 1 ஆகி, எண் நிலைத்ததும் 0 ஆனது. எடை இன்னும் ஆடுகிறதா, நின்றுவிட்டதா என்பதற்கான அடையாளம். எல்லா பைட்டையும் கூட்டினால் 256ஆல் மீதியில்லாமல் வகுபட்டது, கடைசி பைட் அதற்காகவே வைத்த சரிபார்ப்பு. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றிப் பார்ப்பது, அவ்வளவுதான் வித்தை.

தராசுக்குள் எழுதும் கட்டளைகளை மட்டும் நான் தொடவில்லை. அளவுத் திருத்தத்தை உள்ளே பதிக்கும் கட்டளை ஒன்று இருக்கும் என்று தெரியும். ஊகத்தில் அனுப்பினால் தராசு பொய் சொல்ல ஆரம்பித்துவிடும். படிப்பதற்கு மட்டுமான டிரைவர் என்று முதல் வரியிலேயே எழுதிவிட்டேன்.

இதைக் கெர்னலுக்குள் எழுதவில்லை. லிப்யூஎஸ்பி என்ற லைப்ரரி வழியாகச் சாதாரண நிரலாகவே யூஎஸ்பி சாதனத்தோடு பேசலாம். அப்படி முடிகிற வேலையைக் கெர்னலுக்குள் கொண்டுவராதீர்கள் என்றுதான் அங்கிருப்பவர்களும் சொல்வார்கள். தப்பு நடந்தால் நிரல் மட்டும் விழும், போர்டு நிற்காது. சில நூறு வரி சி நிரல். ஏஆர்எம் 32 பிட், 64 பிட், புதிதாக வரும் ரிஸ்க்-ஃபைவ் எதுவானாலும் அங்கேயே கம்பைல் செய்துகொள்ளலாம். ரூட் என்ற முழு அதிகாரம் இல்லாமல் ஓடுவதற்கு, சாதனத்தைச் செருகும்போது என்ன செய்ய வேண்டும் என்று லினக்ஸுக்குச் சொல்லும் யூடெவ் விதி ஒரு வரி, அப்புறம் வேலை முடிந்தது.

யூடெவ் என்றதும் ஒரு சம்பவம் நினைவுக்கு வருகிறது. பல மலிவான கருவிகளில் சிஎச்340 என்ற சிப் சீரியலை யூஎஸ்பியாக மாற்றித் தரும். உபுண்டு 22.04 என்ற லினக்ஸ் பதிப்பு வந்த புதிதில் இந்தக் கருவியைச் செருகினால் சீரியல் போர்ட் ஒரு கணம் தெரிந்து உடனே மறைந்துவிடும். டிமெஸ்ஜி என்ற கெர்னல் பதிவைப் பார்த்தால் பிஆர்எல்டிடிஒய் என்ற நிரல் அதை எடுத்துக்கொண்டது தெரியும். அது பார்வையற்றவர்களுக்கான பிரெய்ல் திரைகளை இயக்குவது. ஒரு பிரெய்ல் திரையிலும் இதே சிப், அதே தயாரிப்பாளர் எண், அதே பொருள் எண். நிரல் உங்கள் கருவியைப் பார்த்து பிரெய்ல் திரை என்று நினைத்துக்கொள்கிறது. இதற்கு எங்கும் சொல்லப்படும் தீர்வு, அந்த நிரலையே நீக்கிவிடு என்பது. எனக்கு அது பிடிக்கவில்லை. அந்தக் கணினியைப் பார்வையற்ற ஒருவரும் பயன்படுத்தினால் அவருடைய திரையை அல்லவா பிடுங்குகிறோம்? விதிக் கோப்பில் அந்த எண் ஜோடிக்கான ஒரு வரியை மட்டும் மறைத்தால் போதும், மற்ற பிரெய்ல் திரைகள் பாட்டுக்கு ஓடும்.

கருவி செய்கிறவர்கள் சிப்போடு வந்த எண்ணை அப்படியே விட்டுவிடுவதுதான் இந்தக் குழப்பத்தின் வேர். சொந்தத் தயாரிப்பாளர் எண் வாங்க யூஎஸ்பி அமைப்புக்குப் பெரிய தொகை கட்ட வேண்டும், சின்ன ஆட்களுக்குக் கட்டுப்படியாகாது. ஆனால் ஓப்பன் சோர்ஸாகச் செய்பவர்களுக்கு 1209 என்ற தயாரிப்பாளர் எண்ணின் கீழ் பொருள் எண்களைக் காசில்லாமல் கொடுக்கும் ஒரு ஏற்பாடு நடந்துவருகிறது. கருவி வடிவமைக்கும் இளைஞர்கள் யாராவது இதைப் படித்தால் அதைத் தேடிப் பாருங்கள்.

மூடிய டிரைவரால் என்ன வரும் என்பதற்கு 2014 அக்டோபரில் நடந்ததைச் சொன்னால் போதும். எஃப்டிடிஐ நிறுவனத்தின் சீரியல் சிப்களுக்குப் போலிகள் நிறைய இருந்தன. விண்டோஸ் அப்டேட் வழியாக வந்த அவர்களுடைய புது டிரைவர், போலி என்று கண்ட சிப்பின் பொருள் எண்ணைப் பூஜ்யமாக மாற்றி எழுதிவிட்டது. அதன்பின் அந்தக் கருவியை வழக்கமான டிரைவர் அடையாளம் காணவில்லை. உள்ளே இருப்பது போலி என்று தெரியாமல் நல்ல காசு கொடுத்து வாங்கியவருக்குத்தான் அடி. எதிர்ப்புக் கிளம்பியதும் அந்த டிரைவர் திரும்பப் பெறப்பட்டது. அதே வேலையைச் செய்யும் நிரலை லினக்ஸுக்கும் ஒருவர் அனுப்பிப் பார்த்தார். எல்லோர் கண்ணெதிரிலும் அனுப்ப வேண்டியிருந்ததால் அது அங்கேயே நின்றுவிட்டது. போலிக்கு நான் வக்காலத்து வாங்கவில்லை. வாங்கியவரின் பொருளுக்குள் அவருக்குத் தெரியாமல் கைவைக்கலாமா என்பதுதான் கேள்வி.

தயாரிப்பாளர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். டிரைவரை நீங்களே எழுத வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை. 2007லேயே கெர்னலின் யூஎஸ்பி பகுதியைப் பராமரிக்கும் கிரெக் க்ரோவா-ஹார்ட்மன், சாதனத்தின் விவரங்களைக் கொடுங்கள், லினக்ஸ் டிரைவரைக் காசு வாங்காமல் எழுதித் தருகிறோம் என்று பகிரங்கமாக அழைத்தார். எழுத ஆட்களும் சேர்ந்தார்கள். பிரான்சில் ஒரு மருத்துவர் பொழுதுபோக்காக இருநூறுக்கும் மேற்பட்ட வெப்கேம் மாடல்களுக்கு ஆதரவு எழுதினார், அந்தத் தொகுப்பு 2008ல் கெர்னலுக்குள்ளும் வந்தது. விவரத்தாள் இருந்தால் ஒரு மாலையில் முடிகிற வேலை, இல்லாததால் வாரக்கணக்கில் இழுக்கிறது.

நம் பக்கத்துக் குறையையும் சொல்லிவிடுகிறேன். எனக்கு வரும் முறையீடுகளில் பெரும்பாலானவை "ஓடவில்லை" என்ற ஒற்றைச் சொல்லோடு நிற்கும். செருகியிருக்கும் யூஎஸ்பி சாதனங்களைக் காட்டும் எல்எஸ்யூஎஸ்பி கட்டளையின் விரிவான வெளியீடும், டிமெஸ்ஜியின் கடைசி இருபது வரியும் சேர்த்து அனுப்பினால் பாதிப் பதில் அதிலேயே இருக்கும். பிழை எண் மைனஸ் 71 என்றால் கேபிளில் பேச்சு சிதைகிறது, மைனஸ் 110 என்றால் சாதனம் பதிலே சொல்லவில்லை. இரண்டையும் கண்டால் டிரைவரைத் தொடுவதற்கு முன் மின்சாரத்தைப் பாருங்கள். யூஎஸ்பி 2.0 விதிப்படி, அறிமுகம் முடியும் வரை ஒரு சாதனம் 100 மில்லி ஆம்பியருக்கு மேல் இழுக்கக் கூடாது, முடிந்த பிறகும் 500தான் உச்சம். வெளி ஹார்ட் டிஸ்க்குகள் இதையெல்லாம் மதிப்பதில்லை. ராஸ்பெர்ரி பையில் மின்னழுத்தம் 4.63 வோல்ட் அளவுக்குக் கீழே போனால் கெர்னல் பதிவில் எச்சரிக்கை வரும். தனி மின்சாரம் உள்ள ஒரு ஹப் வைத்ததும் பல "டிரைவர் பிழைகள்" காணாமல் போவதைப் பார்த்திருக்கிறேன்.

இன்னொரு வேடிக்கை. சில சாதனங்கள் யூஎஸ்பி விதியை அல்ல, விண்டோஸை மட்டுமே பார்த்துச் செய்யப்பட்டவை. விண்டோஸ் முதல் கேள்வியிலேயே 18க்குப் பதில் 64 பைட் கேட்கும், பிறகு சாதனத்தை ஒருமுறை ரீசெட் செய்யும், அதன் பின்னரே முகவரி கொடுக்கும். வேறு வரிசையில் கேட்டால் இந்தச் சாதனங்கள் குழம்பிப் பேசாமல் இருந்துவிடும். அதனால் லினக்ஸும் விண்டோஸ் கேட்கும் அதே வரிசையைப் பின்பற்றக் கற்றுக்கொண்டது. பழைய வரிசையை முதலில் முயல ஒரு கெர்னல் அமைப்பும் வைத்திருக்கிறார்கள். டிரைவர் எழுதுவதில் பாதி, இப்படி மற்றவர்கள் விட்ட ஓட்டைகளை அடைப்பதுதான்.

எழுதக் கற்க நினைப்பவர்கள் கீபோர்டில் தொடங்கலாம். எளிய முறையில் அது அனுப்புவது எட்டே பைட். முதல் பைட் ஷிப்ட், கன்ட்ரோல் விசைகள், இரண்டாவது சும்மா, மீதி ஆறும் அழுத்தியிருக்கும் விசைகளின் எண்கள். ஆங்கில முதல் எழுத்துக்கு எண் 4. கெர்னல் மூல நிரலிலேயே இந்த எளிய கீபோர்டு டிரைவரும், புது டிரைவர் எழுதுகிறவர்களுக்கென்று ஒரு எலும்புக்கூடு டிரைவரும் இருக்கின்றன. கையில் கருவியே இல்லாவிட்டாலும் பரவாயில்லை. டம்மி எச்சிடி என்ற போலிக் கன்ட்ரோலர் கெர்னலில் உண்டு, அதில் சாதனப் பக்கத்தையும் கணினிப் பக்கத்தையும் ஒரே இடத்தில் எழுதிப் பார்க்கலாம். ராஸ்பெர்ரி பை ஜீரோ மாதிரிப் போர்டாக இருந்தால் அதையே யூஎஸ்பி சாதனமாக நடிக்கவைத்து இன்னொரு கணினியில் செருகலாம். எழுதியதை அனுப்பும்போது நடை சரியில்லை, இடைவெளி தப்பு, விளக்கம் போதாது என்று திருப்பி அனுப்புவார்கள். கோபித்துக்கொள்ளாமல் மறுபடி அனுப்புங்கள், எல்லோருக்கும் அப்படித்தான் நடக்கும்.

அடுத்த முறை இணைப்பில் போர்டுகளை ஒப்பிடும்போது, யூஎஸ்பி கன்ட்ரோலர் எது, மெயின்லைன் கெர்னலில் எந்தப் பதிப்பிலிருந்து ஆதரவு என்ற இரண்டு கட்டங்களைச் சேர்க்க முடியுமா? இடம் போதாது என்றால் திரைகளின் எண்ணிக்கையை எடுத்துவிடுங்கள், அது பெட்டியிலேயே எழுதியிருக்கும்.

எனக்கும் ஒரு தேவை இருக்கிறது. வகை 255 என்று சொல்லும் யூஎஸ்பி தராசு வாசகர்கள் யாரிடமாவது இருந்தால், எல்எஸ்யூஎஸ்பியின் விரிவான வெளியீட்டையும், தட்டு காலியாக இருக்கும்போதும் தெரிந்த எடை ஒன்றை வைத்தபோதும் பிடித்த பதிவுகளையும் தங்கள் அலுவலகத்துக்கு அனுப்பினால் என்னிடம் சேர்த்துவிட வேண்டுகிறேன். பதிவைப் பிடிக்கும்போது கீபோர்டை வேறு கன்ட்ரோலரில் வைக்கச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் அவர்கள் தட்டிய கடவுச்சொல்லும் அந்தப் பதிவில் சேர்ந்து வந்துவிடும்.

இப்படிக்கு,
அளவைக் கருவி பழுதுபார்க்கும் வாசகி